கட்டடத்துக்குப் பணம் கேட்பது எப்படி: திருகோணமலைப் பாடசாலைகளுக்கு ஒரு கைநூல்

பரிசளிப்பு விழா மேடையில் பிரதம விருந்தினரிடம் கட்டடம் கேட்பது நமது ஊரில் பழைய வழக்கம். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த வருடம் வேறு விருந்தினர், அதே கோரிக்கை, அதே தலையாட்டல். அரசாங்கப் பணத்தில் ஒரு வகுப்பறைத் தொகுதி எழும்ப வேண்டுமென்றால், அது முதலில் ஒரு திட்டப் பட்டியலில் ஒரு வரியாக ஏற வேண்டும். அந்த வரியை ஏற்றுவது எப்படி, ஏறிய பிறகு விழாமல் காப்பது எப்படி என்பதே இங்கு விஷயம். பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர், பழைய மாணவர் சங்கக்காரர், புதிதாகப் பொறுப்பேற்ற அதிபர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

வாக்குப் போட்டு வாங்கும் கடன்

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களோடு இணையவழியில் கூட்டம் வைத்தால் ஒருவராவது கேட்பார்: “இங்க சனம் வாக்குப் போட்டு, பொண்ட் வித்துத்தான் கொலிஜ் கட்டுறாங்கள். அங்க ஏன் செய்யேலாது?” நியாயமான கேள்வி. பதில் தெரிந்திருந்தால் கூட்டம் அரை மணித்தியாலம் குறையும்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நடைமுறை இதுதான். மாநிலம் கட்டடங்களுக்காகக் கடன் எடுக்க நினைத்தால் முறி வெளியிட வேண்டும். முறி, அதாவது அவர்கள் சொல்லும் பொண்ட், ஒரு கடன் பத்திரம். காப்புறுதிக் கம்பனிகளும் வங்கிகளும் தனியாட்களும் அதை வாங்குவார்கள், மாநிலம் 20, 30 வருடத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். அந்தக் கடனை எடுக்கலாமா என்பதை வாக்காளரிடமே கேட்க வேண்டும். கலிபோர்னியாவின் அரசியலமைப்பில் 3 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட இத்தகைய கடனுக்குச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பிறகு தேர்தலில் வாக்காளரின் பெரும்பான்மையும் வேண்டும். 2024 நவம்பரில் அங்கே 2 ஆம் இலக்கப் பிரேரணை என்ற பெயரில் 1,000 கோடி டொலர் கேட்டார்கள்: 850 கோடி பாடசாலைகளுக்கு, 150 கோடி சமூகக் கல்லூரிகளுக்கு. நிறைவேறியது. வட கரோலினாவில் 2016 மார்ச்சில் 200 கோடி டொலர் முறிக்கு மக்கள் சம்மதித்தார்கள். அதில் பெரும்பங்கு பல்கலைக்கழகங்களுக்கும் சமூகக் கல்லூரிகளுக்கும் போனது.

எல்லாமே வெல்வதில்லை. 2020 மார்ச்சில் கலிபோர்னியா 1,500 கோடி டொலர் கேட்டுத் தோற்றது. அந்தப் பிரேரணைக்குத் தற்செயலாகக் கிடைத்த இலக்கம் 13. 1978 இல் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்ட பழைய 13 ஆம் பிரேரணையோடு வாக்காளர் இதைக் குழப்பிக்கொண்டார்கள் என்று அப்போது பலர் சொன்னார்கள். கோரிக்கைக்குப் பெயர் வைக்கும்போது இதை ஞாபகம் வைத்திருங்கள்.

இதில் இலவசமாக எதுவும் இல்லை. 10 கோடி டொலரை 4 வீத வட்டிக்கு 20 வருடத்தில் சம தவணைகளாகத் திருப்புவதென்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 73 இலட்சத்து 60 ஆயிரம் டொலர் கட்ட வேண்டும். மொத்தம் 14.7 கோடி. கட்டடத்தின் விலை பத்து, மக்கள் கட்டுவது பதினாலே முக்கால் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் கலிபோர்னியாவில் வாக்காளருக்கு வீட்டுக்கு அனுப்பும் கையேட்டில் எவ்வளவு கடன், எத்தனை வருடம், வருடம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அச்சிட்டு விடுகிறார்கள்.

இங்கே அந்தக் கதவு இல்லை. அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்குக் கொடுத்த பட்டியலில் கடன் வாங்குதலும் இருக்கிறது. ஆனால் பாராளுமன்றம் சட்டத்தால் அனுமதிக்கும் அளவுக்குத்தான். நடைமுறையில் மாகாணத்தின் பணம் பெரும்பாலும் கொழும்பிலிருந்து, நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி கொடையாக வருகிறது. திறைசேரி முறி விற்று மத்திய அரசு எடுக்கும் கடன் ஒரே தொட்டியில் விழுகிறது. எந்த முறி எந்தக் கட்டடத்துக்கு என்று அதில் பெயர் எழுதுவதில்லை. ஒரு வருடத்தில் எவ்வளவு கடன் எடுக்கலாம் என்ற எல்லையைப் பாராளுமன்றம் அந்த வருட ஒதுக்கீட்டுச் சட்டத்தில் வைக்கும். சர்வசன வாக்கெடுப்பு நமது அரசியலமைப்பிலும் உண்டுதான், ஆனால் நாடு முழுவதும் அது நடந்தது ஒரே தடவை, 1982 டிசம்பர் 22 அன்று, பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதற்காக. ஒரு விஞ்ஞான ஆய்வுகூடத்துக்காக அதைக் கேட்க முடியாது.

ஆகவே, அங்கே வாக்குச்சீட்டு செய்யும் வேலையை இங்கே உங்கள் கோவை, அதாவது கோரிக்கை ஆவணங்களின் கட்டு, செய்ய வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்து நிர்வாகம் ஆளுநரின் கீழ் வந்தபோது, மாகாண சபை உறுப்பினர் ஒருவரைப் பிடித்து அலுவல் பார்க்கும் வழியும் அடைபட்டது. மேசையில் இருக்கும் தாள்தான் பேச வேண்டும்.

முதலில், பாடசாலை யாருடையது?

சிரிக்க வேண்டாம். தவறான இடத்துக்குப் போன கடிதத்தால் ஒரு வருடம் வீணாவது சாதாரணமாக நடக்கிறது. தேசிய பாடசாலை என்றால் மூலதனப் பணம் மத்திய கல்வி அமைச்சிடமிருந்து, பத்தரமுல்லை இசுருபாயவிலிருந்து வரும். மாகாணப் பாடசாலை என்றால் பாதை வலயக் கல்விப் பணிமனையில் தொடங்கி மாகாணக் கல்வித் திணைக்களம், மாகாணக் கல்வி அமைச்சு, பிரதம செயலாளரின் திட்டமிடல் பிரிவு என்று மேலே போகும். மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து வலயங்கள். பிரதேச செயலகம் இருக்கும் இடத்தை வைத்து வலயத்தை ஊகிக்காதீர்கள். பாடசாலையின் கணக்கெடுப்புப் படிவத்தில் உள்ளதையே எழுதுங்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகவும், தொழில்நுட்பக் கல்லூரி தன் மத்திய திணைக்களம் வழியாகவும் பணம் கேட்பவை. மாகாண அலுவலகத்தில் அவற்றுக்காகக் காத்திருந்து பயனில்லை.

தேவையைக் கணக்காக எழுதுவது

“இட நெருக்கடி நிலவுகிறது” என்று எழுதிய கடிதங்கள் வலயத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. இப்படி எழுதுங்கள்: வகுப்புப் பிரிவுகள் 17; நிரந்தர வகுப்பறைகள் 11; தற்காலிகக் கொட்டிலில் 3 வகுப்புகள்; மண்டபத்தைத் தட்டியால் பிரித்து 3 வகுப்புகள்; குறை 6 அறைகள். இந்த இலக்கங்கள் வருடாந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் நீங்களே கொடுத்த இலக்கங்களோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் திட்டமிடல் உத்தியோகத்தர் கோவையை அங்கேயே மூடிவிடுவார். கடைசி ஐந்து வருட மாணவர் சேர்வையும் வையுங்கள். மாணவர் தொகை குறைந்துகொண்டு போகும் பாடசாலைக்குப் புதிய தொகுதி கேட்பது கடினம். அங்கே திருத்த வேலை கேட்பதே புத்தி.

நமது பாடசாலைகளில் வழமையான அளவு 80 அடிக்கு 25 அடி. தளம் ஒன்றுக்கு 2,000 சதுர அடி, 20 அடிக்கு 25 அடியாக நான்கு அறைகள். படிக்கட்டை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அறை ஒன்று குறையலாம். எனவே “இரண்டு மாடி, எட்டு வகுப்பறை” என்று கூட்டத்தில் வாக்குக் கொடுப்பதற்கு முன் வரைபடத்தில் அறைகளை எண்ணிப் பாருங்கள். ஆறு அறை குறையும் இடத்தில் எட்டு அறை கேட்டால் மிச்சம் இரண்டு எதற்கு என்று எழுத வேண்டும். மூன்று மாடி கேட்டால் வெட்டித்தான் தருவார்கள் என்று நினைத்துக் கூட்டிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வெட்டுவதில்லை, அடுத்த வருடப் பட்டியலுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

காணி

பணம் வந்த பிறகு காணிக்காக நின்றுபோகும் வேலை அதிகம். நில அளவைப் படமும், உறுதி அல்லது அரச காணி விடுவிப்புக் கடிதமும் கோவையில் இருக்கட்டும். கோயில் காணி, மிஷன் காணி, ஒரு காலத்தில் யாரோ வாயால் கொடுத்த காணி என்றால் இப்போதே பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போங்கள். இது மாதக்கணக்கு வேலை. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்தில் கடற்கரை ஓரமாக இருக்கும் பாடசாலைகள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலோடு தொடுக்கும் களப்பு, ஆற்று வாய் உள்ள இடங்களில் வலயம் இன்னும் உள்ளே வரும். பிரட்றிக் கோட்டைச் சுற்றாடல் என்றால் தொல்லியல் திணைக்களம். காட்டு எல்லை என்றால் வனத் திணைக்களம். உள்ளூராட்சி சபையின் கட்டட அனுமதி எல்லோருக்கும் வேண்டும். அரசாங்கக் கட்டடம்தானே என்று விட்டுவிடுவதால் பின்பு மின்சார இணைப்பில் சிக்கல் வரும்.

மதிப்பீடு

தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஊரில் எல்லோரும் சொல்வதுபோல் ரி.ஓ., தயாரிக்கும் மதிப்பீடுதான் கோவையின் இதயம். மாகாணத்தின் அந்த வருட விலைப்பட்டியல், அதாவது பி.எஸ்.ஆர்., அதன்படி அது இருக்க வேண்டும். மூன்று வருடம் பழைய மதிப்பீட்டை வைத்து ஒதுக்கீடு வாங்கினால் கேள்விப்பத்திரம் (டெண்டர்) திறக்கும் அன்று விலைகள் எல்லாம் ஒதுக்கீட்டுக்கு மேலே நிற்கும். அப்புறம் மேல் மாடியை வெட்டுவார்கள், அல்லது பணத்தைத் திருப்பி அனுப்புவார்கள். இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய அந்த வருடத்தில் சீமெந்தும் கம்பியும் ஏறிய ஏற்றத்தில் மதிப்பீடுகள் வாரக்கணக்கில் காலாவதியாகின. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். மதிப்பீட்டுத் தொகை அதைச் சேர்த்தா சேர்க்காமலா என்று முகப்புத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். எதிர்பாராச் செலவுக்கு ஒரு வரியும் வேண்டும்.

வழமையாக விடுபட்டுப் போகிறவை இவை: பழைய கட்டடத்தை உடைக்கும் செலவு, அதற்கு முன் வேண்டிய பொறியியலாளர் அறிக்கை, கூரையில் அஸ்பெஸ்டஸ் இருந்தால் அதைக் கழற்றி அகற்றும் முறை, மலசலகூடம், மலக்குழி, மின் வயரிங் மட்டுமல்ல, பிரதான இணைப்பைப் பெரிதாக்கும் செலவு, மழைநீர் வடிகால், மேசை கதிரை. சாய்தளம் இன்னொன்று. மாற்றுத்திறனாளிகளின் அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இலிருந்து இருக்கின்றன. 12 க்கு 1 சாய்வு என்றால், அத்திவாரம் நிலத்திலிருந்து 2 அடி உயரும் இடத்தில் சாய்தளம் 24 அடி நீளும். வரைபடத்தில் அதற்கு இடம் ஒதுக்காமல், கடைசியில் படிக்கட்டு மேல் சீமெந்தைப் பூசி வைத்த சாய்தளங்களை நமது ஊரில் நிறையப் பார்க்கலாம். சக்கர நாற்காலியை அதில் இறக்க நாலு பேர் வேண்டும்.

பணம் முழுதாகக் கிடைக்காது என்று தெரிந்தால் கட்டங்களாகப் பிரித்து மதிப்பிடுங்கள், ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பிள்ளைகள் உள்ளே இருந்து படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். “முதல் வருடம் தூண்கள், இரண்டாம் வருடம் சுவர்” என்ற பிரிப்பு, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் எலும்புக்கூட்டையே தரும். அத்திவாரத்தையும் தூண்களையும் இரண்டு மாடிக்கு வடிவமைத்து, முதல் கட்டத்தில் கீழ்த் தளத்தைக் கதவு ஜன்னல் மின்சாரத்தோடு முடியுங்கள். மேலே நீட்டி நிற்கும் கம்பிகளை மெலிந்த கொங்கிறீற்றால் மூடிவைக்கச் சொல்லுங்கள். கடல் காற்றில் இரண்டு மாரிக்குள் அவை துருப்பிடித்து, பிறகு மேல் மாடிக்கு உதவாமல் போகும். மேல் தளத்தில் தண்ணீர் தேங்காதபடி சாய்வும் வடிகுழாயும் இந்தக் கட்ட மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும்.

ஒற்றைத் தாள்

வாக்குச்சீட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது இங்கேதான். வாக்காளர் கேட்கும் கேள்விகளும் திறைசேரிக்காரர் கேட்கும் கேள்விகளும் ஒன்றேதான்: என்ன கட்டுகிறீர்கள், எவ்வளவு, யார் தருவது, பிறகு பராமரிப்பது யார், எப்போது முடியும். இவற்றுக்கு ஒரே தாளில் பதில் எழுதிக் கோவையின் மேல் வையுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் அந்தத் தாளை வாசித்து, கையுயர்த்தி வாக்கெடுத்து, தொகையோடு பதிவு செய்யுங்கள். அதிபர் பதவிவழித் தலைவர் என்பதால் அவர் முன்மொழியாமல் ஒரு பெற்றோர் முன்மொழிவது நல்லது. மாதிரி:

“எமது பாடசாலையின் 6 வகுப்பறைக் குறையை நீக்க, பாடசாலை வளவின் வடக்கு ஓரத்தில் 80 அடி × 25 அடி அளவில் இரண்டு மாடித் தொகுதி ஒன்றை அமைக்குமாறும், மேலதிக இரண்டு அறைகளை ஆய்வுகூடமாகவும் நூலகமாகவும் பயன்படுத்துமாறும் இக்கூட்டம் கோருகிறது. மதிப்பீடு இணைக்கப்பட்டுள்ளது. மாகாண நிதியிலிருந்து கட்டடமும், பழைய மாணவர் சங்கத்திலிருந்து தளபாடமும் எதிர்பார்க்கப்படுகிறது. வருடாந்தத் துப்புரவு, சிறு திருத்தச் செலவைச் சங்கம் ஏற்கும். சமுகமளித்தோர் …, ஆதரவு …, எதிர்ப்பு …”

எதிர்ப்பு வாக்கை மறைக்காதீர்கள். விளையாட்டு மைதானத்தின் மூலை போய்விடும் என்று பத்துப் பேர் எதிர்த்தால், அது அத்திவாரம் வெட்டும் நாளில் மதிலுக்கு வெளியே கேட்பதை விட இப்போது கூட்டறிக்கையில் இருப்பது மேல். பெயரையும் ஒரே மாதிரி வையுங்கள். ஒரு கடிதத்தில் “விஞ்ஞானக் கட்டடம்”, இன்னொன்றில் “வகுப்பறைத் தொகுதி”, நன்கொடையாளரிடம் “நூற்றாண்டு மண்டபம்” என்றால், ஒரே வேலைக்கு மூன்று இடத்தில் பணம் கேட்கிறீர்கள் என்று கணக்காய்வாளர் நினைப்பார். நினைப்பதில் தவறும் இல்லை.

இதே வரைபு ஐந்தாண்டு பாடசாலை அபிவிருத்தித் திட்டத்திலும் அந்த வருட நடைமுறைத் திட்டத்திலும் இருக்க வேண்டும். திட்டத்தில் இல்லாத கட்டடத்தை வலயம் மேலே அனுப்புவது அரிது.

நாட்காட்டி

நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வழமையாக நவம்பரில் வரும். பத்திரிகையில் அதைப் பார்த்துவிட்டுக் கோரிக்கை எழுதுபவர் ஒரு வருடம் பிந்திவிட்டார். மாகாணங்களின் தேவைகள் நிதி ஆணைக்குழுவுக்குப் போவது அந்த வருட நடுப்பகுதியில். அதற்கு முன் வலயத்தின் முன்னுரிமைப் பட்டியல் தயாராகிவிடும். எனவே தை, மாசியில் பொதுக்கூட்டம், பங்குனிக்குள் மதிப்பீடு, சித்திரை வருடப்பிறப்புக்கு முன் கோவை வலயத்தில். வலயப் பட்டியலில் உங்கள் இடம் எத்தனையாவது என்று கேளுங்கள். முதல் மூன்றுக்குள் இல்லாவிட்டால் முகத்துக்கு நேரே காரணம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருடத் தாள் அந்தக் காரணத்துக்குப் பதிலாக இருக்கட்டும்.

இன்னொரு நாட்காட்டி வானத்தில் இருக்கிறது. திருகோணமலைக்கு மழை ஐப்பசியிலிருந்து தை வரை. ஒதுக்கீடு ஜனவரியில் வந்தும், கேள்விப்பத்திரம், தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு, ஒப்பந்தம் என்று இழுபட்டு ஆவணியில் கையெழுத்தானால், அத்திவாரக் கிடங்கு வெட்டும்போது மழை பிடிக்கும். மணற்பாங்கான இடத்தில் கிடங்கின் சுவர் சரியும், நிலநீர் ஏறும், பம்ப் வைத்து இறைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் நாள் நீடிப்புக் கேட்பார். டிசம்பர் 31 வந்ததும் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகும். செய்த வேலைக்கான பில்கள் அடுத்த வருடக் கணக்கில் ஏறி, அடுத்த வருடம் உங்கள் தொடர் வேலைக்கான பணத்தைத் தின்னும். முறிப் பணத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, அது பல வருடத்துக்கானது. நமது பணத்துக்கு வருட ஆயுள்தான். ஆகையால் காணி, வரைபடம், அனுமதி எல்லாம் கையில் இருக்கும் பாடசாலைதான், ஆனியில் வேறு எங்கோ ஒரு வேலை நின்று பணம் மிஞ்சும்போது அந்த மிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வருடமும் எங்கோ ஒரு வேலை நிற்கும்.

சிறிய பைகள்

பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி 1974 முதல் இருக்கும் வழி. அதில் கட்டடம் எழும்பாது. மலசலகூடம், மதில், கூரைத் திருத்தம், தண்ணீர்த் தாங்கி எழும்பும். சிறு வேலைகளைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கே நேரடி ஒப்பந்தமாகக் கொடுக்கும் வழியும் உண்டு. சங்கம் பதிவு செய்யப்பட்டதாகவும் கணக்குப் பரிசோதனை நிலுவை இல்லாததாகவும் இருக்க வேண்டும். எத்தனையோ சங்கங்கள் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் வழுக்குகின்றன.

லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் வரும் பழைய மாணவர் பணத்தை அத்திவாரத்தில் போடாதீர்கள். பாதிக் கட்டடத்தை எழுப்பிவிட்டு மிச்சத்தை அரசாங்கம் முடிக்கட்டும் என்று விட்டால், யாருடைய வரைபடம், யாருடைய கம்பி என்ற கேள்வியில் பொறியியலாளர் பொறுப்பேற்க மறுப்பார். அந்தப் பணம் தளபாடம், ஆய்வுகூட உபகரணம், பராமரிப்பு நிதிக்குப் போகட்டும். வளவுக்குள் கட்டவே வேண்டுமென்றால் திணைக்கள அனுமதியும் ஒப்புதல் பெற்ற வரைபடமும் முதலில். சங்கத்தின் பெயரில் கடன் வாங்குவது வேண்டவே வேண்டாம்: திருப்பிக் கட்ட வரி அறவிடும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை.

கட்டும்போது கண்காணிப்பது

கலிபோர்னியாவில் உள்ளூர்ப் பாடசாலை மாவட்டங்களின் முறிக்கு 2000 இல் ஒரு விதி வந்தது. மூன்றில் இரண்டுக்குப் பதில் 55 வீத வாக்கு போதும். பதிலுக்கு வேலைகளின் பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும், வருடா வருடம் கணக்காய்வு வேண்டும், குறைந்தது ஏழு பேர் கொண்ட மக்கள் மேற்பார்வைக் குழு வேண்டும். அந்தக் குழுவில் மாவட்டத்தின் ஊழியரோ ஒப்பந்தக்காரரோ பொருள் வழங்குபவரோ இருக்க முடியாது. ஆசிரியர், நிர்வாகிகளின் சம்பளத்துக்கு அந்தப் பணத்தைத் தொட முடியாது.

இதை நாமும் செய்யலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை. சங்கத்திலிருந்து ஐந்து பேர். மணல், சல்லி விற்கும் பெற்றோர் வேண்டாம், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஒரு மேசனாவது, ஓய்வுபெற்ற ரி.ஓ. ஒருவராவது இருந்தால் நல்லது. அவர்கள் நாலு நேரம் போய்ப் பார்த்தால் போதும்: கிடங்கு வெட்டிக் கொங்கிறீற்று போடமுன், தூண் கம்பி கட்டிப் பலகை அடிக்கமுன், மேல்தளக் கம்பி கட்டிக் கொங்கிறீற்று போடமுன், பூச்சு தொடங்கமுன். பார்க்க வேண்டியது கம்பிக்குக் கீழே கவர் புளொக், அதாவது கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி வைக்கும் சிறு கட்டி, வைத்திருக்கிறார்களா என்பதை. அது இல்லாவிட்டால் கம்பி பலகையில் படுத்துவிடும், உப்புக்காற்று மெல்லிய மூடுகையைத் தாண்டி உள்ளே போகும், துரு வீங்கிக் கூரைத் தளத்தின் அடிப்பக்கம் பொரிந்து விழும். பத்து வருடம் கூட ஆகாத தளங்கள் கடற்கரைப் பக்கத்தில் அப்படி நிற்கின்றன. மணல் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேரும் மாவட்டம் இது. ஆற்று மணலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் முகத்துவாரத்துக்குக் கிட்ட எடுக்கும் மணலில் உப்பு இருக்கலாம். கொங்கிறீற்றுக் கட்டிகளின் 7 நாள், 28 நாள் பரிசோதனை முடிவுகளைப் பிரதியாகக் கேளுங்கள்.

ஒப்பந்தக்காரருக்கோ அவருடைய மேசனுக்கோ நேரடியாகக் கட்டளை போடாதீர்கள். குறையைத் திகதியோடும் படத்தோடும் எழுதி, அதிபர் மூலம் பொறியியலாளருக்கு அனுப்புங்கள். நீங்கள் வாயால் சொல்லி மாற்றிய ஒரு ஜன்னல் பின்பு மேலதிக வேலைப் பில்லாக வரும்.

தகவல் தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அதிலும் திருப்தியில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. “கட்டட விபரம் தருக” என்று கேட்காதீர்கள். ஒப்பந்தப் பிரதி, அளவைப் பட்டியல், இதுவரை செலுத்திய பில்களின் திகதியும் தொகையும், நாள் நீடிப்புக் கடிதங்கள் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

திறப்பு விழாவுக்குப் பிறகு

நாடா வெட்டியதோடு குழு கலைந்துவிடுகிறது. கலையக் கூடாது. பொதுவாக ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைத் தடுத்து வைப்பார்கள். அதில் பாதி வேலை கையளிக்கும்போதும், மீதி குறைதிருத்தக் காலம் முடியும்போதும் ஒப்பந்தக்காரருக்குப் போகும். அந்தக் காலம் வழமையாக 365 நாட்கள். எந்த மாதத்தில் கையளித்தாலும் அதற்குள் ஒரு மாரி கட்டாயம் வரும். கார்த்திகையில் முதல் பெருமழை பெய்யும் நாளில் ஒருவர் போய் ஒவ்வொரு அறையின் கூரை மூலையையும், ஜன்னலின் அடிப்படியையும், வடிகால் எங்கே நிரம்பி வழிகிறது என்பதையும் பார்த்துப் படம் எடுக்கட்டும். கதவுகள் ஈரத்தில் இறுகுகின்றனவா, சாய்தளத்தின் அடியில் தண்ணீர் தேங்குகிறதா என்பதும் அன்றுதான் தெரியும். பட்டியலைப் பொறியியலாளருக்குப் பதிவுத் தபாலில், 365 ஆவது நாளுக்கு இரண்டு மாதமாவது இருக்கும்போது அனுப்புங்கள். தடுத்து வைத்த பணம் போன பிறகு ஒழுகும் கூரைக்குச் சங்கத்தின் காசுதான்.